நானூற்றைக் கட்டிப்போட்ட கதை

அன்று எடைமேடை அறையில் இருந்தது நாலு பேர்: முதலாளி, புதுவாயல் கம்ப்யூட்டர் மெக்கானிக், பழைய இரும்பு ஏற்றிவந்த லாரியின் டிரைவர், எடைச் சீட்டு போடும் நான்.

பழைய கம்ப்யூட்டரின் முகப்பில் 66 என்று சிவப்பு எண் எரியும். பக்கத்தில் ஒரு பொத்தான்; அமுக்கினால் 33 ஆகிவிடும். வேகத்தைப் பாதியாக்க ஒரு பொத்தானை எவன் வைத்தான், எதற்கு வைத்தான் என்று ஒன்பதாவதோடு நின்ற எனக்கு ரொம்ப நாள் யோசனை. சூடேறி அது அடிக்கடி நின்றுபோனதால், 400 வேகம் உள்ள செகண்ட் ஹேண்ட் மிஷின் ஒன்றை மெக்கானிக்கிடம் நான்தான் பேசி முடித்தேன். ஓடாவிட்டால் காசை என் சம்பளத்தில் பிடிப்பதாக முதலாளி சொல்லியிருந்தார்.

மிஷினை மாட்டினோம். எடை புரோகிராமைத் திறந்தால், பூஜ்யத்தால் வகுத்தது தப்பு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டு மூடிக்கொண்டது. திரும்பத் திரும்பத் திறந்தேன், அதே வரி. லாரி மேடையிலேயே நின்றது. டிரைவர் எல்லை தாண்டித் தடா ஊர்ப் பக்கத்துக்காரர். ஜன்னலில் கையூன்றி, "இன்னா நைனா, நானூறுல போவும்ன, ஸ்டார்ட்டே ஆவல?" என்றார். முதலாளி என்னையே பார்த்தார். அது இன்னும் பேஜாராக இருந்தது.

மெக்கானிக் யாருக்கோ போன் போட்டுக் கேட்டுவந்து விளக்கினார். புரோகிராம் திறந்தவுடன், கண்மூடித் திறப்பதற்குள் மிஷின் எத்தனை எண்ணுகிறது என்று பார்த்து, அதை வகுத்து வைத்துக்கொள்ளுமாம். நானூறு எண்ணிய வேகத்துக்கு, வந்த விடை அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லையாம்.

"அப்ப பூஜ்யம் எங்கேர்ந்து வந்துச்சு?" என்றேன்.

"விடை அடங்கலன்னாலும் அதுக்குத் தெரிஞ்ச திட்டு அது ஒண்ணுதாண்ணே."

இப்படிப்பட்ட பழைய புரோகிராம்களுக்காகத்தான் அந்த 33 பொத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. புதிதாக வந்ததில் அந்தப் பொத்தான் இல்லை. மெக்கானிக் செட்டிங்குக்குள் போய், பிராசஸர் வேகமாக ஓடத் தன்னுள்ளே வைத்திருக்கும் சின்ன மெமரியை அணைத்தார். மிஷின் நொண்டி நொண்டித் திறந்தது. புரோகிராம் வந்தது, எடையும் வந்தது.

டிரைவர் சீட்டை மடித்துக்கொண்டே, "டப்பு குட்த்து வேகத்த வாங்கினு வந்து, அதக் கட்டிப் போட்டுக்கீறீங்க" என்றார்.

எனக்கு ஆசை விடவில்லை. பழையதையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் திறந்து பார்த்தேன். அறுபத்தாறுதான் முதலில் வந்தது. முதலாளியும் அதைப் பார்த்துவிட்டார்.

"நானூறுல ஓடுறப்ப மீதிய வாங்கிக்க" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மெக்கானிக் என் பக்கம் திரும்பினார். விலை பேசியவன் நான். கொடுத்த முன்பணம் போக, பாக்கி இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.