தண்ணீர் டெஸ்டில் பாஸான டேங்க்

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடம் டிராயிங் போட்டேன். இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டன. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதையாவது எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். அதற்கே அலுப்பாக இருக்கிறது.

பழனிசாமி என்ற டிரைவர், தன் சொந்த லாரிக்குக் காஸ்டிக் சோடா திரவம் ஏற்ற டேங்க் கேட்டார். வண்டி பதினெட்டு டன் சரக்குத் தாங்கும். பதினெட்டாயிரம் லிட்டருக்கு டேங்க் வரைந்தேன். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ, எங்கள் பட்டறை வழக்கம் அது. கட்டி முடித்ததும் தண்ணீர் ரொப்பிப் பார்ப்போம். ஒழுகவில்லை, வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை அளவுக்கு மீறி அமுங்கவில்லை. பாஸ்.

ஒரு மாதம் கழித்துப் பழனிசாமி வந்து நின்றார். முகமே சரியில்லை.

"அக்கா, பிரேக் புடிச்சா சரக்கு முன்னால வந்து மோதுதுங்க. வண்டி நிக்க மாட்டேங்குது. நேத்து ராசிபுரம் பக்கம் ஒரு பஸ்ஸுல இடிக்கப் பாத்துச்சுங்க."

பட்டறை முதலாளி விடவில்லை. "தண்ணி ரொப்பிக் காட்டுனமில்ல? ஓட்டத் தெரியாம டேங்கக் கொற சொல்லாதீங்க."

"முழுசா ரொப்பறீங்களா?" என்று நான் கேட்டேன்.

"எங்கீங்க அக்கா? பன்னெண்டாயிரம் லிட்டர்லயே வெயிட் ஆயிருது. மிச்சம் காலிதான்."

ஆர்டர் ஃபைலை எடுத்தேன். சரக்குக் கம்பெனி கொடுத்த தாளில் ஸ்பெசிஃபிக் கிராவிட்டி 1.5 என்று இருந்தது. பக்கத்தில் கிலோ, லிட்டர் எதுவும் போடாத எண். நமக்கு வேண்டாதது என்று தாண்டிப் போயிருக்கிறேன். தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்று சொல்கிற எண் அது. தண்ணீர் ஒரு கன மீட்டருக்கு ஆயிரம் கிலோ. 1.5 ஆல் பெருக்கினால் இந்தச் சரக்கின் அடர்த்தி ஆயிரத்து ஐந்நூறு, அதாவது லிட்டருக்கு ஒன்றரை கிலோ. பதினெட்டு டன்னுக்குப் பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கே போதும். மீதி இடம், சரக்கு அலைமோத நானே விட்டுவைத்தது.

"அவர் ஓட்டுனதுல தப்பில்லீங்க. கணக்குப் போட்டது நான்தான்" என்றேன்.

முதலாளி முறைத்தார். "ஏனம்மணி, உம்பட வாயால நீயே சொல்றியா?" பிறகு, வேறு வழியில்லாமல், டேங்கை வெட்டிச் சின்னதாக்கச் சொன்னார்.

அதிலிருந்து, சரக்கு என்ன, அடர்த்தி எவ்வளவு என்று டிராயிங்கின் தலையில் எழுதாமல் நான் ஒரு கோடு போட்டதில்லை. நீங்களும் போடாதீர்கள்.

அன்றைக்குப் பழனிசாமி என்னைத் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இருவது வருசமா ஓட்டறேன். எனக்குத்தான் ஓட்டற கை போயிருச்சுன்னு நெனச்சனுங்க அக்கா. ஊட்டுல சொல்லாம வண்டிய விக்க ஆள் பாத்துட்டேன்."