அரிசிப் பையில் என் முகம்

என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாவதோடு படிப்பை விட்டவன். எங்கே ர வரும், எங்கே ற வரும் என்று இன்னும் தடுமாறுகிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

பாகூர் பக்கம் வயல்களில் மருந்தடிப்பது என் வேலை. பூச்சிக்கு அடிப்பதையும் நாங்கள் மருந்து என்றுதான் சொல்வோம். என் அக்கா சாப்பிடும் சுகர் மாத்திரையும் மருந்துதான். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதை அந்த அரிசிப் பையைப் பார்க்கும்வரை நான் யோசித்ததே இல்லை.

போன மார்கழியில், கதிர் பால் பிடிக்கும் சமயம், நாவாய்ப்பூச்சிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தேன். நிலக்காரரோடு இரண்டு பேர் காரில் வந்தார்கள். அவருடைய நெல்லை வாங்கப்போகும் கம்பெனிக்காரர்கள். என்னைப் பார்த்து நல்ல முகம் என்றார்கள். என் வீட்டில்கூட யாரும் அப்படிச் சொன்னதில்லை. முதுகிலிருந்த டேங்கை இறக்கி வரப்புக்கு அந்தப் பக்கம் வைக்கச் சொன்னார்கள். முகம் கழுவி வந்ததும் ஒரு தோளில் புதுத் துண்டைப் போட்டு, கதிரைக் கையில் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. தையில் அறுப்பு முடிந்ததும் அவர்கள் லாரி வந்தது. மூட்டை ஏற்றியவர்களில் நானும் ஒருவன்.

பங்குனியில் சோரியாங்குப்பத்திலிருந்து அக்கா போன் செய்தாள். வில்லியனூர் பெரிய கடையில் அரிசிப் பையில் என் படம் இருக்கிறதாம். "எம்மாம் அழகா இருக்கிற தெரியுமாடா. உன் கல்யாணத்துலகூட இப்பிடி இல்ல" என்று சிரித்தாள். அவளும் ஒரு பை வாங்கிவிட்டாளாம்.

போய்ப் பார்த்தேன். மேல் தட்டிலும் நான், கீழ்த் தட்டிலும் நான், கதிரைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'மருந்தில்லா விளைச்சல்' என்று மேலே இருந்தது. 'மண்ணுக்கும் நல்லது, சர்க்கரைக்கும் நல்லது' என்று நடுவில். எல்லாவற்றுக்கும் கீழே 'உணவே மருந்து'. ஒரே பையில் மருந்து இல்லை என்றும் இருந்தது, இதுவே மருந்து என்றும் இருந்தது. இரண்டையும் சொன்னது என் முகம். எனக்குக் கோபம் வரவில்லை. சாமி முன்னால் நிற்கிற மாதிரி நின்றேன். வேர்வையும் மருந்து நாற்றமும் எங்கே போயின? அவ்வளவு நல்லவனாக நான் எப்போது ஆனேன்?

பக்கத்தில் ஒரு அம்மா பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல அரிசிதானே என்று கேட்டார். தலையாட்டிவிட்டேன். அவர் ஒன்றை எடுத்துக் கூடையில் வைத்துக்கொண்டு போனார்.

சித்திரையில் அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் நொண்டினாள். குதிகாலில் புண். செருப்பு கடித்தது ஒரு மாதமாக ஆறவில்லை என்றாள். மாத்திரை போடுகிறாயா என்று கேட்டேன். அலமாரியைக் காட்டினாள். அட்டை அட்டையாக மாத்திரைகள் பிரிக்காமல் இருந்தன. பக்கத்தில் புதுத் துண்டோடு நான்.

"மாத்திர இன்னாத்துக்குடா? அரிசியே மருந்துன்னு போட்டிருக்குது. நீயே நிக்கிற, பொய்யாவா இருக்கும்?"

டாக்டர் இத்தனை வருஷமாகச் சொன்னதை ஒரு சொல்லும் என் மூஞ்சியும் சேர்ந்து ஜெயித்துவிட்டன. அந்தப் புண்ணைப் பார்த்தேன். சர்க்கரையால் காலை எடுத்தவர்கள் அவள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

"அக்கா, அந்த அரிசியில மருந்து இருந்தா, அது நான் அடிச்ச மருந்துதான்."

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். டேங்கை இறக்க வைத்து, மூஞ்சியைக் கழுவச் சொல்லிப் படம் எடுத்த கதையைச் சொன்னேன். பையை எடுத்து, படத்தில் துண்டு மூடாத தோளைக் காட்டினேன். டேங்க் வார் அழுத்திய ஈரத்தடம் சட்டையில் பட்டையாகத் தெரிந்தது. என் சட்டையெல்லாம் முதலில் அந்த இடத்தில்தான் கிழியும். அக்காதான் தைத்துத் தருவாள். படத்தில் தெரிந்த தன் தையல்மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"மூஞ்ச கழுவச் சொன்னவனுங்க சட்டைய மாத்தச் சொல்லலியா?" என்றாள்.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் திட்டியதை அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். புண் ஆற ஆடி மாதம் ஆனது. கால் தப்பியது.

அக்கா அந்தப் பையைத் தூக்கிப் போடவில்லை. என் முகத்தை மட்டும் வெட்டி மாத்திரை டப்பாவின் மேல் ஒட்டியிருக்கிறாள். என்னைப் பார்த்தால் மாத்திரை போட மறக்காதாம். அந்த முகத்தை இன்னும் அவள் நம்புவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆச்சரியம்.

வில்லியனூர் கடையில் பார்த்த அம்மா யார், எந்த ஊர் என்று தெரியாது. அவர் வீட்டில் யாருக்குச் சர்க்கரையோ, அதுவும் தெரியாது. நான் அன்று தலையாட்டியது தப்பு அம்மா. மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ஆவணி ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை.