நீராவிக்குள் மூன்றாவது கை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கூட்டக் குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

வடகோடிக் குளிர்நாட்டில், கைஸ்லவெசி ஏரிக்கரையில் எங்கள் ஊர்; நாலாயிரம் பேர். அவர்களுக்கு ஒரு பண்பாட்டுக் குழு. ஐந்து பெரிய மனிதர்கள் சவுனா என்னும் நீராவிக் குளியலறையில் அம்மணமாக உட்கார்ந்துதான் பண்பாட்டை வளர்ப்பார்கள். நான் நூலகன், குழுவுக்கு வாக்கில்லாத செயலாளர்.

அந்த டிசம்பர் பிற்பகலில் என் நூலகத்துக்கே வேட்டு. தலைவர் ஆர்வோ அதை மூடிவிட்டு ‘ஆர்வோ கவிதை இல்லம்’ திறக்கத் துடித்தார். அவருடைய மூன்று தொகுதிகளும் என் அலமாரியில் உண்டு. பதினொரு வருடத்தில் ஒரே ஒருவர்தான் இரவல் எடுத்திருக்கிறார். அவரே.

அவர் பக்கம் பல் டாக்டர். எதிர்ப்பக்கம் மளிகைக்காரரும் பாட்டுக்குழு நடத்துபவரும். இரண்டுக்கு இரண்டு என்றால் தலைவர் வைத்ததே சட்டம். என் நம்பிக்கையெல்லாம் ஓய்வுபெற்ற தபால்காரர் ஓஸ்மோதான். வீடு அக்கரையில். ஏரி உறைந்துவிட்டால் சாலையைச் சீண்டமாட்டார். பனிக்கட்டிமேலேயே நடந்து வருவார்.

மணி நான்கு. வெளியே கும்மிருட்டு. ஓஸ்மோ வரவில்லை.

“பத்து நிமிஷம் பொறுங்க, ஆர்வோ,” என்றேன்.

“கவிதை யாருக்காகவும் காத்திருக்காதுய்யா,” என்றார், தொந்தி வியர்வையை வழித்தபடி.

“உன் கவிதைக்காகவும்தான் யாரும் காத்திருக்கல,” என்றார் மளிகைக்காரர்.

ஆர்வோ கடுப்பில் சூட்டுக்கற்கள்மேல் நாலு கரண்டி தண்ணீரை விசிறினார்.

ஸ்ஸ்ஸ்ஸ்... ஒரே நீராவி. யார் முகமும் தெரியவில்லை.

கதவு... க்ரீச்.

எண்பது டிகிரி அறையில் என் கால் ஜில்லிட்டது.

“கவிதை இல்லத்துக்கு ஆதரவு?” என்றார் ஆர்வோ.

இரண்டு கைகள்.

“எதிர்ப்பு?”

ஒன்று... இரண்டு...

மூன்று.

மேல் பலகையில். சாம்பல் நிறக் கம்பளிக் கையுறை போட்ட கை.

சொட்... சொட்...

“வந்துட்டியா ஓஸ்மோ? இந்தச் சூட்டுல கையுறை எதுக்குப்பா?” பல் டாக்டர் சிரித்தார்.



நீராவி கலைந்தது. பலகை காலி. கையுறை மட்டும் கிடந்தது.

தொட்டேன்... கல்லாக உறைந்திருந்தது.

நேரம் 4:06. எதிர்ப்பு மூன்று. எழுதிவிட்டேன். நூலகம் தப்பியது.

ஆறு மணிக்கு ஓஸ்மோவைக் கண்டுபிடித்தார்கள், ஏரி நடுவே, பனிக்கட்டி உடைந்த இடத்தில். அவர் கடிகாரம் 3:31-இல் நின்றிருந்தது.

செத்தவர் வாக்கு செல்லாது என்று ஆர்வோ மறுநாளே மனு கொடுத்தார். பன்னிரண்டு வரி, எதுகை மோனையோடு. மீட்புக்குழு ஆள் சொன்னதைக் கேட்டதும் சத்தமில்லாமல் திரும்ப வாங்கிக்கொண்டார்.

உடம்பு முழுக்கப் பனிக்கட்டிக்கு அடியில். இடது கையில் சாம்பல் நிறக் கையுறை. வலது கை மட்டும் வெறுங்கையாக, பனிக்கட்டிக்கு மேலே...

நேராக உயர்ந்து நின்றதாம்.