முப்பத்திரண்டும் எங்கள் அக்காவும்

மலையடிவாரத் தாப்பாவிலிருந்து வளைவு வளைவாக ஏறி, காது அடைக்க அடைக்க, இந்த ஓராண்டு நினைவு நாளுக்கு வந்து சேர்ந்திருக்கும் சொந்தங்களுக்கும், பனி கலையுமுன் பக்கத்து லயன் வீடுகளிலிருந்து நடந்தே வந்துவிட்ட அயலாருக்கும் என் வணக்கம். அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பு தம்பியாகிய எனக்கு வந்தது. உட்கார்ந்தேன். எழுந்தேன். மூடுபனியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். பெரிய ஒன்றின் அருகில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதன் அளவு தெரிவதில்லை. எனக்கும் தெரியவில்லை, வெகு காலம்.

அக்கா பிறந்தது இந்தத் தோட்டத்தின் மேல் லயனில். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா தேயிலைத் தொழிற்சாலையின் மாடியில் இலை வாட்டினார். அக்காவுக்குப் பதினேழும் எனக்குப் பதினொன்றுமாக இருந்தபோது அப்பா காலமானார். பள்ளியின் கடைசித் தேர்வான ஐந்தாம் படிவத் தேர்வு முடிவு வந்த அதே வாரம் அக்கா பொட்டலம் கட்டும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். நான் படித்தேன். அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று நான் விளக்கப் போவதில்லை. இங்கே வந்திருப்பவர்களுக்குத் தெரியும். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கு அக்கா என்ன பதில் சொன்னார் என்பதும் கேட்டவர்களுக்குத் தெரியும்.

முப்பது வயதுக்குப் பிறகு, வாரக் கடைசியில் ஈப்போவுக்குப் பேருந்து ஏறி, இயந்திரத் துறையில் டிப்ளோமா முடித்தார். தொழிற்சாலையின் பொறியியல் அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் லயன் பெண் அவர்தான். நாற்காலி நிரந்தரமில்லை. ஆறு மாதப் பரீட்சைக் காலம். அது முடியும்போது தோட்ட மேலாளரான துரை கையெழுத்துப் போட்டால் வேலை, இல்லாவிட்டால் பழையபடி பொட்டலம். நான் சொல்ல வந்த கதை அந்த ஆறாவது மாதத்தில் நடந்தது.

தேயிலையைக் காய வைப்பது சூடான காற்று. அந்தக் காற்றைச் சூடாக்க ஒரு பெரிய இரும்புக் கூடு உண்டு. உள்ளே வரிசை வரிசையாகக் குழாய்கள். குழாய்க்குள் நெருப்பின் புகை, குழாய்க்கு வெளியே காற்று. புகையும் காற்றும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே ஒரு மெல்லிய இரும்புச் சுவர். சூடு மட்டும் அந்தச் சுவரைக் கடந்து போகிறது. ஒரு குறிப்பிட்ட பரப்பில், இரு பக்கத்துக்கும் ஒரு பாகை வித்தியாசம் இருக்கும்போது, எவ்வளவு சூடு கடக்கும் என்பதற்கு ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணை வைத்துத்தான் கூடு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்வார்கள்.

வெள்ளைக்காரர் காலத்துக் கூடு ஓட்டை விழுந்து, புதிது வாங்க வேண்டியதாயிற்று. பழைய கூட்டின் காகிதத்தில் அந்த எண் ஐந்து. விற்க வந்தவரின் காகிதத்தில் இருபத்தைந்து. துரைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அஞ்சு மடங்கு நல்லதும்மா! அப்போ அஞ்சுல ஒரு பங்கு சைஸ் போதும். மூலையில வச்சிடலாம்."

அக்கா இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழைய ஐந்து சதுர அடியில், பாரன்ஹீட்டில், பிரிட்டிஷ் வெப்ப அலகில் எழுதியது. புதிய இருபத்தைந்து சதுர மீட்டரில், செல்சியஸில், வாட்டில் எழுதியது.

"ஐயா, அந்த அஞ்ச இந்தக் கணக்குக்கு மாத்தினா இருபத்தெட்டுக்கு மேல வருது. புதுசு கொஞ்சம் மட்டம்தான் ஐயா. சின்னதா வாங்கினா இலை காயாது, ஈரத்துலயே வெந்துரும்."

இதை அன்று மாலை எங்கள் வீட்டு மேசையில் எனக்கு எழுதிக் காட்டினார். பிரிட்டிஷ் அலகில் ஐந்து. கிலோகலோரியில் எழுதினால் இருபத்து நான்கும் சொச்சமும். வாட்டில் எழுதினால் இருபத்தெட்டும் சொச்சமும். ஒரே இரும்பு. ஒரே நெருப்பு. நாம் வேறு வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவது அந்தச் சூட்டுக்குத் தெரியாது. அது பாட்டுக்குக் கடந்துகொண்டிருக்கிறது. ஐந்தை ஏறத்தாழ ஐந்தரையும் கொஞ்சமும் என்ற ஓர் எண்ணால் பெருக்கியதும் ஒரு காலத்துக் காகிதம் இன்னொரு காலத்துக் காகிதத்தோடு பேசத் தொடங்கிவிடுகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. சொற்களோடு பிழைக்கிறவன் நான். என் சொற்கள் ஒரு நாளும் இவ்வளவு துல்லியமாகக் கரை மாறியதில்லை.

துரை அசந்துபோய், "அப்போ எவ்ளோ பெருசு வேணும்? நீயே போட்டுக் குடு" என்றார். அக்கா போட்டுக் கொடுத்தார். அந்த அளவுக்குக் கூடு வைக்கப் பின் சுவரை இடிக்க வேண்டும். இயந்திரம் பொருத்தும் பிட்டர் மணியம் அண்ணன் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். திங்கட்கிழமை காலை இடிப்பது என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தார். திடீரென்று கையைக் கழுவாமலே உள்ளே வந்து காகிதத்தை எடுத்தார். செதில் ஒட்டிய விரல் ஒரு வரியில் நின்றது.

"டேய் தம்பி, முப்பத்திரெண்டக் கழிச்சிருக்கேன்டா."

எங்கள் தொழிற்சாலையில் எல்லோருக்கும் உள்ள கைப்பழக்கம் அது. பழைய வெப்பமானி பாரன்ஹீட்; பதிவேடு செல்சியஸ். நாளெல்லாம் முப்பத்திரண்டைக் கழித்துக் கழித்துத்தான் எழுதுவார்கள். வெப்பமானி காட்டும் அளவுக்கு அது சரி. ஆனால் புகைக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை மாற்றும்போது கழிக்கக் கூடாது. அக்கா கை தன் பழக்கத்தில் கழித்துவிட்டது. வித்தியாசம் நூற்றைம்பது பாகையாக வர வேண்டிய இடத்தில் நூற்று முப்பத்திரண்டு என்று குறைந்து வந்து, அதை ஈடுகட்டக் கூடு வேண்டியதைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு பெரிதாகிவிட்டது.

"அது எப்படிக் கழிக்கக் கூடாது?" என்று அம்மா கேட்டார். வாயைத் திறந்தால் ஒளிவுமறைவு இல்லாதவர் எங்கள் அம்மா.

"கீழ தாப்பால இருந்து அளந்தாலும் ரிங்லெட்ல இருந்து அளந்தாலும், மேல இருக்கற பிரிஞ்சாங்குக்கும் கியா பார்முக்கும் நடுவுல உள்ள ஏத்தம் மாறுமாம்மா? எங்கேருந்து ஆரம்பிச்சோம்ங்கறது வித்தியாசத்துக்கு வேண்டாம்."

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் பயம் வந்துவிட்டது.

"வாய மூடிக்கிட்டு இரு புள்ள. அடுப்பு பெருசா இருந்தா சோறு வேகாமலா போகும்? இன்னும் ரெண்டு வாரத்துல கையெழுத்து."

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நானும் அதையேதான் சொன்னேன். "யாருக்கும் தெரியாதுக்கா. பெருசா இருந்தா வேலை செய்யத்தான் போகுது. சும்மா இரு லா." அக்கா படித்த செலவில் படித்தவனல்ல நான், அக்கா படிக்காத செலவில் படித்தவன். அந்த வாயால் சொன்னேன்.

அக்கா காகிதத்தை மடித்து வைத்தார். மீனைக் குழம்பு வைத்தார். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை மணியம் அண்ணன் சம்மட்டியைத் தூக்கியபோது, சுண்ணாம்புக் கோட்டுக்கு முன்னால் அக்கா போய் நின்றார்.

"தள்ளு புள்ள, கல்லு கால்ல விழுந்துறப் போவுது."

"இடிக்காதீங்கண்ணே. என் கணக்கு தப்பு."

"அடி ஆத்தா! வெள்ளிக்கிழம வரைக்கும் துரை கணக்கு தப்புன்ன. இப்ப உன் கணக்கே தப்பா? நாளைக்கு சம்மட்டியே தப்புன்னுவ போல!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் துரை வந்துவிட்டார். அக்கா காகிதத்தை நீட்டி, எந்த வரியில் பிழை, ஏன் பிழை, சரியான அளவு என்ன என்று மூன்றையும் சொன்னார். பழையதைவிடக் கொஞ்சம்தான் பெரிய கூடு. சுவரை இடிக்காமலே அடங்கிவிடும்.

துரை காகிதத்தை வாங்கிப் படித்தார். "நீ சொல்லாம இருந்திருந்தா யாருக்கும்மா தெரியப் போவுது?"

"இடிச்ச பிறகு சுவத்த ஒட்ட வைக்க முடியாதுங்களே ஐயா."

கையெழுத்து அந்த மாதம் கிடைக்கவில்லை. துரை பரீட்சைக் காலத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டினார். அக்கா அதற்காக அழுததையோ யாரையும் நொந்ததையோ நான் பார்த்ததில்லை. மணியம் அண்ணன் அவருக்கு 'முப்பத்திரெண்டு' என்றே பெயர் வைத்தார். "முப்பத்திரெண்டு வருது, வழி விடுங்கடா!" அக்காவும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அடுத்த ஆறு மாதம் முடிந்தபோது துரை கையெழுத்திட்டார். அதற்குப் பிறகு அக்காவின் கண் படாமல் எந்த அளவும் தொழிற்சாலையை விட்டு வெளியே போகக் கூடாது என்று வாய்மொழியாக உத்தரவும் போட்டார். கம்போங் ராஜா ஊர்ப் பக்கத்துக் காய்கறிப் பண்ணைக்காரர்கள் கூடக் குளிர் அறைக்குக் கணக்குக் கேட்டு வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள்.

கடைசி இரண்டு ஆண்டுகள் சிறுநீரகம் கைவிட்டது. வாரம் மூன்று முறை இரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு அக்கா படுத்திருந்தார். முதல் நாளே தாதியிடம், "இந்தக் குழாய்க்குள்ள மெல்லிசா ஒரு சுவர் இருக்குதானே? எவ்வளவு பரப்பு? எந்த அலகுல எழுதுவீங்க?" என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, கண் விரிய, "நம்ம கூடு மாதிரியேதான்டா. அங்கே சூடு கடக்குது, இங்கே அழுக்கு கடக்குது" என்றார். தன் உயிர் அந்தச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தபோது, அதைப் பார்த்து வியக்க அவருக்கு நேரம் இருந்தது. நான் அன்று கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அவரது கேள்விகளுக்குச் சலிக்காமல் பதில் சொன்ன தாதியர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. மலையிறங்கி ஏற கார் ஓட்டிய அண்டை வீட்டாருக்கும், அம்மாவுக்குத் துணையிருந்த பெண்களுக்கும், பாடையின் முன் பக்கம் தோள் கொடுத்த மணியம் அண்ணனுக்கும் நன்றி. பறித்த இலை காத்திருக்காது என்பதால் அன்று இயந்திரத்தை விட்டு வர முடியாதவர்களுக்கும் அதே அளவு நன்றி.

முடிக்குமுன் ஒரு திருத்தம். சென்ற ஆண்டு நாங்கள் அச்சிட்ட மரண அறிவிப்பில் அக்காவின் பெயருக்குக் கீழே 'பொறியாளர்' என்று போட்டிருந்தோம். எழுதிக் கொடுத்தவன் நான். பெருமைக்காகச் செய்தேன். யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் மாட்டார்கள். அக்கா கடைசி வரை வகித்த பதவி தொழில்நுட்ப உதவியாளர். அது என் பிழை. வீட்டில் அந்த அறிவிப்பை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள்.