அழிக்காமல் விட்ட பிரான்ச்

பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் சேர்ந்த புதிதில் என் கணினியில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் பெத்துல்’, ‘ஃபைனல் பெத்துல் பெத்துல்’ என்று ஃபோல்டர்கள் குவிந்து கிடந்தன. பெத்துல் என்றால் மலாயில் ‘நிஜம்’. எது நிஜமான கடைசி என்று எனக்கே தெரியாது.

பக்கத்து மேசைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். கிள்ளானிலிருந்து என்னோடு ரயிலில் வருபவள். பழைய படிகளையெல்லாம் காத்து வைக்கும் வெர்ஷன் கண்ட்ரோலை அவள்தான் காட்டித் தந்தாள். ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு வரிக் குறிப்போடு சேமித்தால் அது கமிட். மூல நிரலைத் தொடாமல் தனியே எழுதிப் பார்க்க ஒரு பிரான்ச்.

“கெட்டுப்போனா பழைய இடத்துக்கே திரும்பிடலாம். பயப்படாத லா.”

தன் குறிப்புகளை அவள் பேசுகிற மாதிரியே எழுதுவாள். ‘மழை வருது, மீதி நாளைக்கு’ என்றுகூட எழுதியிருக்கிறாள். காலையில் வந்ததும் நான் முதலில் தேடிப் படிப்பது அதைத்தான். இப்போது குழுவில் எல்லாரும் ‘ஃபிக்ஸ்’ என்று ஒற்றைச் சொல்லை எழுதித் தொலைக்கிறார்கள்.

அவள் மெல்பர்னில் வேலை கிடைத்துப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. போன வாரம் பழைய பிரான்ச்சுகளை அழிக்கச் சொன்னார்கள். மளமளவென்று அழித்துக்கொண்டே வந்தவன் அவளுடையதில் நின்றேன். வேலையின் கடைசி நாளில் அவள் எழுதிய குறிப்பு அதில் இருந்தது: ‘பாதிதான் முடிஞ்சிருக்கு. லீவுல வரப்போ சேர்ந்து முடிச்சிடலாம்.’

“இதுல ஒண்ணும் இல்லயே, ஏன் வச்சிருக்க?” என்றார் மேலாளர்.

“வேலை முடியல அண்ணே,” என்றேன்.