சப்பரம் தூக்கியவரின் முதுகு

ஒரு மனிதர் சொன்ன இரண்டு வாக்கியங்களில் முதலாவதை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, இரண்டாவதைத் தெரிந்தே விட்டுவிட்டேன். அதனால் அவருக்கு வேலை போயிற்று. மறதியோ அவசரமோ அதற்குக் காரணம் இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் பம்பாயில், செம்பூரில் ஒரு ரப்பர் தொழிற்சாலையில், தொழிலாளர் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தேன். வயது இருபத்தைந்து, வீடு மாட்டுங்காவில். அவர் கிடங்கில் சுமை தூக்குபவர். திருநெல்வேலிக்குத் தெற்கேயிருந்து வந்து தாராவியில் குடும்பத்தோடு இருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனாலும் அவரை நான் 'நீ' என்றுதான் சொல்வேன்.

ஒருநாள் அடுக்கியிருந்த ரப்பர் கட்டு சரிந்து அவர் முதுகில் விழுந்தது. சில மாதங்கள் படுத்திருந்துவிட்டு வந்தார். எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருந்தது, வலி மட்டும் போகவில்லை. கேட்டில் உட்கார்ந்து, வருகிற ஆட்களின் டோக்கனை வாங்கிப் பெட்டியில் போடும் வேலையைக் கொடுத்தார்கள். அதையும் தொடர்ந்து செய்ய முடியாமல் அடிக்கடி எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "ஹீரோ எந்திரிச்சாச்சு, ஷூட்டிங் பாருங்கலே" என்று உள்ளே போகிற ஆட்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். அவரும் சிரித்துவைப்பார்.

அந்த ஆண்டு தாராவி அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அலுவலக நண்பர் ஒருவர் என்னை அழைத்துப் போனார். நையாண்டி மேளம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. சந்துக்குள் அம்மன் சப்பரம் திரும்பியபோது முன்கம்பில் அவர் இருந்தார். தோளில் கம்பு, நெற்றியில் மஞ்சள், முகமெல்லாம் சிரிப்பு. தெருத்தெருவாகச் சப்பரம் போய் வந்தது. அவர் கம்பை வேறு ஆளுக்கு மாற்றிக் கொடுக்கவே இல்லை.

திங்கட்கிழமை அதை மானேஜரிடம் சொன்னேன். யாரும் கேட்காமல் நானாகத்தான் போய்ச் சொன்னேன். விசாரணை வைத்தார்கள். மானேஜருக்குத் தமிழ் தெரியாது. கேட்பதும் எழுதுவதும் நான்தான்.

"சப்பரம் தூக்கினயா?"

"தூக்குனேன் சார். எங்க தெருவுக்கு முன்கம்பு நாந்தான், வருசா வருசம்."

"அப்போ முதுகு வலிக்கலையா?"

"தூக்கும்போது வலிக்கல சார், மெய்யாத்தான் சொல்லுதேன். எறக்கி வச்ச பொறவு வந்துது பாருங்க, மூணு நாளு பாயை விட்டு எந்திரிக்கல."

'சுமை தூக்கியபோது வலி இல்லை என்று ஒப்புக்கொள்கிறார்' என்று ஆங்கிலத்தில் எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். பாயில் கிடந்த மூன்று நாளை எழுதவில்லை. வலிக்கிற முதுகு சாமி தூக்கும்போது மட்டும் வலிக்காமல் இருக்குமா என்று எனக்கு ஏளனம். படித்தவன் என்ற திமிரும் இருந்தது. அவர் தாளை வாங்கி, தனக்குத் தெரியாத மொழிக்குக் கீழே நிதானமாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள்.

மூன்று ஆண்டு அவரை நான் நினைக்கவில்லை.

என் மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து, நிலைமை சரியில்லை, உடனே வரவும் என்று அலுவலகத்துக்குப் போன் வந்தது. ஓடினேன். குர்லா ஸ்டேஷன் படிக்கட்டில் கால் மடங்கி விழுந்தேன். எழுந்து ரயிலைப் பிடித்து, இறங்கி, ஆஸ்பத்திரி வரை ஓடியே போனேன். தாயும் பிள்ளையும் நலம் என்று நர்ஸ் சொன்னதும் பெஞ்சில் உட்கார்ந்தேன். அதன் பிறகு எழுந்திருக்க முடியவில்லை. கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது.

எலும்பு கூடிய பிறகும் வலி மாதக்கணக்கில் இருந்தது. எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் இல்லை என்று இரண்டு டாக்டர்கள் சொன்னார்கள். "உங்களுக்கு வலிக்கறதுன்னு தோணறது, அவ்வளவுதான்" என்றாள் மனைவி. கோபத்தில் நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மூன்றாவதாகப் பார்த்த டாக்டர் ஒரு மராத்திய அம்மாள். முதலில் எப்போது வலித்தது என்று கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்த பிறகு என்றேன். அவருக்கு அதில் வியப்பில்லை. நரம்பு செய்தி கொண்டுவருவதோடு சரி, அதை வலியாக்குவதா வேண்டாமா என்பது மூளையின் முடிவு என்றார். எனக்குப் புரியும்படி அலுவலகத்தை வைத்தே சொன்னார். மானேஜர் அறை வாசலில் ஒரு பியூன் உட்கார்ந்திருக்கிறான். உள்ளே பெரிய காரியம் நடக்கும்போது யார் வந்தாலும் நிறுத்திவைப்பான். காரியம் முடிந்ததும் எல்லாரையும் விடுவான். நீண்ட நாள் வலியில் அவனுக்கு மிரட்சி வந்துவிடுகிறது. சும்மா வாசலைக் கடந்து போகிறவனையும் உள்ளே தள்ளுகிறான். பயமும் அவமானமும் யாரும் நம்பாத வேதனையும் அவனை இன்னும் மிரளவைக்கும். வலி மூளையில் உண்டாகிறது என்பதால் அது பொய்யாகிவிடாது, எல்லா வலியும் அங்கேதான் உண்டாகிறது என்று முடித்தார்.

மாட்டுங்காவுக்கு பஸ்ஸில் திரும்பும்போது 'எறக்கி வச்ச பொறவு' என்று சப்பரம் தூக்கியவர் சொன்னது அதே குரலில் காதில் விழுந்தது. பொய்யன் என்று எழுதி வேலையைப் பறித்தேன் என்பது வரைக்கும் எனக்கு முன்பே தெரியும். அவர் வலியையும் நான் கூட்டியிருப்பேன் என்பது அன்றுதான் தெரிந்தது.

தாராவியில் விசாரித்துப் போனேன். தென்மாவட்டத்து முஸ்லிம் ஒருவரின் தோல் பட்டறையில் அவர் பை தைத்துக்கொண்டிருந்தார். முடிந்தபோது உட்காரவும் முடியாதபோது நிற்கவும் முதலாளி விட்டிருந்தார். நான் எழுதியதையும் எழுதாமல் விட்டதையும் சொன்னேன். ஊசியைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"அப்ப நான் சொன்னது மெய்யின்னு ஒங்க கால் ஒடிஞ்ச பொறவுதான் தெரிஞ்சுதாக்கும்."

"ஆமாங்க."

"எனக்கே சந்தேகம் வந்துட்டு சார். ஊரே நடிப்புங்குது, வீட்டுக்காரியும் அதையே சொல்லுதா. நெசமா வலிக்கா, நாமளே நெனச்சுக்கிடுதமான்னு ராத்திரி பூரா ரோசனை." நூலை இழுத்து முடிந்துவிட்டுச் சொன்னார்: "எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அவகிட்ட வந்து சொல்லுங்க."

போனேன். அவர் மனைவி குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன். பியூன் கதையையும் எனக்கு வந்த அளவில் சொன்னேன்.

"படிச்ச ஆளுதான நீங்க," என்றார் அந்த அம்மாள். "நீங்க எழுதுனத நம்பி இவுகள நான் என்ன பேச்செல்லாம் பேசிட்டேன், தெரியுமா?" குடத்தை இறக்கிவைத்துவிட்டு உள்ளே போனார். காபி தருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, தரவும் இல்லை.

விசாரணைத் தாளில் நான் விட்டதை எழுதி மானேஜரிடம் கொடுத்தேன். அதைக் கோப்பில் வைத்துக்கொண்டு என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார். சப்பரம் தூக்கியவரைத் திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை.

அந்த டாக்டரிடம் மாதம் ஒருமுறை அவரை அழைத்துப் போனேன். அவர் தமிழில் சொல்வதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். தினமும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும், வலித்தால் முதுகு உடைகிறது என்று பயப்படக் கூடாது, வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கூட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். முதலில் சந்து முனை வரை நடந்தார், மழைக்காலம் முடிவதற்குள் சயான் வரை. வலி பாதியாகக் குறைந்தது என்பார் ஒருநாள். மறுமாதம், அப்படியே இருக்கிறது என்பார். முழுவதும் போகவே இல்லை. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் அவர் நின்றுகொண்டுதான் வருவார். முதுகுக்காகவா, என் பக்கத்தில் உட்காரப் பிடிக்காமலா என்று நான் கேட்டதில்லை.

ஏழாவதோ எட்டாவதோ முறை, ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் சொன்னார்: "அடுத்த மாசம் நீங்க வராண்டாம் சார். வீட்டுக்காரி வாரேன்னு சொல்லுதா. அவளுக்கு ஹிந்தி நல்லா வரும். எந்த நேரம் கூடுது, எந்த நேரம் கொறையுதுன்னு எல்லாம் கணக்கா வச்சிருக்கா."

"சரிங்க" என்றேன். அவர் பஸ்ஸுக்குப் போனார். நான் அடுத்த பஸ்ஸில் போனேன்.