சதவீதம் சார்

சிவப்பு விளக்கு எரியும்போதே சாலையைக் கடந்த தபால்காரரை மடக்கி, "இன்னைக்கு நீங்க முப்பத்தி நாலாவது ஆளு. ஏன் நிக்கல?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார் சதவீதம் சார். "அவசரம் சார்" என்றார் தபால்காரர். சார் அதை எழுதிக்கொண்டார். திட்டவில்லை. திட்டினால் பதில் கெட்டுவிடுமாம்.

எங்கள் குடியிருப்பின் நான்காம் மாடிக்காரர். மக்கள் ஏன் ஓட்டுப் போடுகிறார்கள், ஏன் போடுவதில்லை என்று பல்கலைக்கழகத்தில் இருபத்தாறு வருடமாக ஆராய்கிறார். எங்களுக்கு அவர் சதவீதம் சார். "ஒரு ஓட்டுல என்ன ஆயிடும்ங்கறது சோம்பேறிங்க சாக்கு" என்பது அவர் எழுதிய தலையணைப் புத்தகத்தின் சாரம். எனக்கும் ஒரு பிரதி தந்திருக்கிறார். படித்தேனா என்று மாதம் ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொள்கிறார்.

சாரின் மனைவி மருந்துக்கடை நடத்துகிறார். லிஃப்ட் எட்டு மாதமாக ஓடவில்லை. முழங்கால் வலியோடு நான்கு மாடி ஏறி இறங்குகிறார். பொறுத்துப் பார்த்து, குடியிருப்போர் சங்கச் செயலாளர் தேர்தலில் நின்றேவிட்டார். எதிரே பழைய செயலாளர். தரைத்தளத்துக்காரர், அவருக்கு லிஃப்ட் எதற்கு?

ஞாயிறு காலை பத்து மணிக்கு வாக்குப்பதிவு, ஒரு மணிக்குப் பெட்டியை மூடுவார்கள். சார் ஒன்பதரைக்கே படிவக் கட்டோடு சங்கக் கூடத்து வாசலில் ஆஜர். போட்டுவிட்டு வந்தவர்களையெல்லாம் குடைந்து முடித்து, பன்னிரண்டரைக்கு, வராதவர்களைத் தேடி மாடி ஏறினார். ஐந்தாம் மாடித் தையல்காரரிடம், "கூட்டம்னா எனக்கு ஆகாது சார்" என்று தொடங்கிப் பதினொரு காரணங்கள் இருந்தன. பதினொன்றையும் எழுதிக்கொண்டு சார் இறங்கியபோது, கீழே எண்ணியே முடித்திருந்தார்கள்.

பழைய செயலாளர் இருபத்திரண்டு. சாரின் மனைவி இருபத்தொன்று.

"நீங்க போட்டீங்களா?" என்று கேட்டார் மனைவி.

"வேலையா இருந்துட்டேன்மா." சார் கண்ணாடியைத் துடைத்தார். "போட்டிருந்தாலும் சமம்தான். அப்புறம் சீட்டுக் குலுக்கணும். அம்பது சதவீதம்தான் உனக்கு வாய்ப்பு."

மனைவி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியேறத் தொடங்கினார். முதல் மாடித் திருப்பத்தில் அவர் மூச்சு வாங்க நின்றபோது, பின்னாலேயே வந்த சார் புதிய படிவம் ஒன்றை உருவினார். அவர்களைத் தாண்டிப் போக மனம் வராமல் நானும் இரண்டு படி கீழே நின்றேன்.

"தோத்ததுல உனக்கு எவ்வளவு வருத்தம்? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லு."

மனைவி அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக் கைப்பிடிக்கு வெளியே எறிந்தார். அது கீழே தரையில் தட்டி உருளும் சத்தம் கேட்டது.

சார் சட்டைப் பையிலிருந்து இன்னொரு பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.